குழந்தைகள் கோடை முகாம்: பணியாளர் தேர்வும் மேற்பார்வையும்

கோடை முகாம் நடத்தத் திட்டமிடுவோர் பெரும்பாலும் இடத்தையும் நிகழ்ச்சிகளையும் முதலில் முடிவு செய்துவிட்டு, ஆட்களைக் கடைசியில் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். பொறுப்பேற்கத் தகுந்த பெரியவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள், அவர்களுக்கு என்னென்ன தெரியும் என்பது உறுதியான பிறகுதான், எத்தனை குழந்தைகளைச் சேர்க்கலாம், நீச்சலும் மலையேற்றமும் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவும், குழந்தைகளைப் பேணும் நிறுவனங்களின் தரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றோடு பணியாளர்களின் எண்ணிக்கையையும் தகுதியையும் முறையான மேற்பார்வையையும் தனித்தனியே குறிப்பிடுகிறது.

முகாம்களில் பொறுப்பாளராக இருந்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எந்த நிமிடத்திலும், எந்தக் குழந்தையைச் சுட்டிக் கேட்டாலும், "இவள் இப்போது இன்னாருடைய பொறுப்பில் இருக்கிறாள்" என்று ஒரே ஒரு பெரியவரின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். இரண்டு பெயர்கள் வந்தாலோ, "எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று பதில் வந்தாலோ, அந்தக் குழந்தையை அப்போது யாரும் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும். கீழே சொல்லப்படும் நடைமுறைகள் எல்லாம் இந்த ஒன்றை நிறைவேற்றுவதற்காகவே இருக்கின்றன.

எத்தனை பேர் தேவை

உங்கள் நாட்டுச் சட்டம் ஒரு விகிதத்தை வகுத்திருந்தால் அதுவே குறைந்தபட்ச அளவு. அத்தகைய விதி இல்லாத இடங்களில் அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகளை அடிப்படையாகக் கொள்ளலாம். இரவு தங்கும் முகாம்களுக்கு அச்சங்கம் சொல்வது: 4, 5 வயதுக் குழந்தைகள் ஐவருக்கு ஒரு பணியாளர், 6 முதல் 8 வயது வரை ஆறு பேருக்கு ஒருவர், 9 முதல் 14 வயது வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வயது வரை பத்துப் பேருக்கு ஒருவர். மாலையில் வீடு திரும்பும் பகல்நேர முகாம்களுக்கு இதே வரிசையில் 6, 8, 10, 12 குழந்தைகளுக்கு ஒருவர் போதும். பல வயதினர் கலந்த குழுவாக இருந்தால், அதிலுள்ள மிகச் சிறிய குழந்தையின் வயதுக்குரிய விகிதத்தையே முழுக் குழுவுக்கும் கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன்.

இந்தக் கணக்கில் பலரும் தவறுகிற இடம், யாரை எண்ணுவது என்பதே. சமையற்காரர், ஓட்டுநர், செவிலியர், அலுவலகத்தில் இருப்பவர், முகாம் இயக்குநர் ஆகியோரை விகிதத்தில் சேர்க்கக் கூடாது. அவர்களுடைய கண்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஓய்வு நாளில் இருப்பவரையும் எண்ண முடியாது. 9 முதல் 14 வயதுக்குட்பட்ட 60 குழந்தைகள் இரவு தங்கும் முகாமை எடுத்துக்கொள்வோம். எட்டுக்கு ஒருவர் என்றால் எட்டுப் பணியாளர்கள் எந்நேரமும் வேண்டும். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தர வேண்டும் என்பதால் எட்டுப் பேரை மட்டும் அமர்த்தினால் விகிதம் தினமும் குலையும். பத்துப் பேரை அமர்த்தினால்தான் எட்டு நிலைக்கும். இவர்களுக்கு மேல், எந்தக் குழுவையும் சேராத ஒருவரையாவது கூடுதலாக வைத்திருப்பது அவசியம். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் உடன் செல்பவரும், அவர் விட்டுச்சென்ற குழுவை ஏற்பவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை நெருக்கடி வந்த பிறகு உணர்வதில் பயனில்லை.

குழு சிறியதாக இருப்பதன் நன்மை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1907ஆம் ஆண்டு, சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் நடத்திய சோதனை முகாமிலேயே சிறுவர்கள் நான்கு சிறு அணிகளாகத்தான் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பெரியவர் முதல் நாளிலேயே பெயரும் முகமும் குணமும் மனத்தில் பதிய அறிந்துகொள்ளக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் குழந்தைகள் கூட்டமாகிவிடுகிறார்கள்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

குழந்தைகளின் பொறுப்பை ஏற்பவர் 18 வயது நிறைந்தவராக இருப்பதும், அவர் பார்த்துக்கொள்ளும் குழந்தைகளைவிடக் குறைந்தது இரண்டு வயதாவது மூத்தவராக இருப்பதும் நல்லது. பதினாறு, பதினேழு வயது இளைஞர்கள் அருமையான உதவியாளர்கள்; விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அவர்கள் தரும் உயிர்ப்பைப் பெரியவர்களால் தர முடியாது. ஆயினும் அவர்களிடம் ஒரு குழுவைத் தனியே ஒப்படைப்பது அவர்களுக்கும் நியாயமன்று.

விண்ணப்பம், அடையாளச் சான்று, காவல்துறை வழியான பின்னணிச் சரிபார்ப்பு ஆகிய மூன்றும் விலக்கில்லாமல் எல்லோருக்கும் பொருந்த வேண்டும். நண்பரின் தம்பி, பல ஆண்டுகளாக வருகிற தன்னார்வலர் என்று எவருக்கும் தளர்வு கூடாது. அதே வேளையில், பின்னணிச் சரிபார்ப்பு எதைச் சொல்கிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர்மீது பதிவான குற்றம் ஏதும் இல்லை என்று மட்டுமே அது சொல்லும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் பலர்மீது எந்தப் பதிவும் இருப்பதில்லை. ஆகவே முன்பு பணிபுரிந்த இடங்களில் குறைந்தது இருவரோடு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். எழுத்தில் வரும் பரிந்துரைக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். குரலில் வரும் தயக்கத்தைக் கடிதம் காட்டாது. "இவரிடம் உங்கள் சொந்தக் குழந்தையை ஒரு வாரம் ஒப்படைப்பீர்களா?" என்று கேளுங்கள். விடை உடனே வருகிறதா, ஒரு நொடி தாமதித்து வருகிறதா என்பதைக் கவனியுங்கள். பணி வரலாற்றில் இடைவெளிகள் இருந்தால் காரணம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நேர்காணலை இருவர் சேர்ந்து நடத்த வேண்டும். "உங்களுக்குக் குழந்தைகளைப் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள் என்பதால், நடக்கக்கூடிய சூழல்களை முன்வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஏழு வயதுச் சிறுமி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறாள், அறையில் மற்ற ஐவர் தூங்குகிறார்கள், என்ன செய்வீர்கள்? ஒரு சிறுவன், "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஒன்று சொல்கிறேன்" என்கிறான்; என்ன பதில் சொல்வீர்கள்? முதல் கேள்விக்கு, குழந்தையை ஆறுதல்படுத்துவதோடு சக பணியாளரையும் எழுப்புவேன் என்று சொல்பவரையும், இரண்டாவதற்கு, இரகசியம் காப்பதாக வாக்களிக்க மறுத்து, அதேநேரம் அவனைப் பேசவைக்க முயல்பவரையும் நான் தேடுவேன். எல்லாவற்றையும் தனியாளாகவே சமாளித்துவிடுவேன் என்று பெருமையோடு சொல்பவர் திறமைசாலியாக இருக்கலாம். முகாமுக்கு ஏற்றவர் அல்லர்.

குழந்தைகள் வருவதற்கு முந்தைய பயிற்சி

குழந்தைகள் வந்து இறங்கும் நாளன்று பயிற்சி தொடங்குவது பயிற்சியே இல்லை. இரவு தங்கும் முகாமென்றால் குறைந்தது மூன்று முழு நாட்களாவது பணியாளர்கள் முன்கூட்டியே வந்து தங்க வேண்டும் என்பது என் கருத்து. விதிகளை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குவதில் அந்த நாட்களைச் செலவிட வேண்டாம். முகாம் வளாகம் முழுவதையும் பகலில் ஒருமுறையும் இருட்டிய பின் ஒருமுறையும் ஒன்றாக நடந்து பாருங்கள். எந்த மூலையில் நின்றால் எது கண்ணுக்குத் தெரியாது என்பதைப் பணியாளர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும். கட்டடத்தின் பின்புறம், களஞ்சிய அறை, உடைமாற்றும் இடம், மரங்கள் அடர்ந்த ஓரம் என்று அவர்கள் சொல்லும் இடங்களே மேற்பார்வை வரைபடத்தில் சிவப்பு மையால் குறிக்கப்பட வேண்டியவை.

முதலுதவியையும் நின்ற மூச்சையும் இதயத் துடிப்பையும் மீட்க முயலும் இதய–நுரையீரல் உயிர்ப்பூட்டலையும் (சி.பி.ஆர்.) பொம்மையின்மீது ஒவ்வொருவரும் செய்துகாட்ட வேண்டும். தீ விபத்தில் வெளியேறுவதையும், குழந்தை காணாமல்போனால் தேடுவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். தேடும் ஒத்திகையில் யார் நீர்நிலைக்கு ஓடுவது, யார் வாயிலில் நிற்பது, யார் மற்றக் குழந்தைகளோடு இருப்பது, எத்தனை நிமிடங்களில் காவல்துறையை அழைப்பது என்பன எல்லாம் பெயரோடும் எண்ணோடும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வளாகத்தில் குளமோ ஆறோ நீச்சல் குளமோ இருந்தால் முதல் தேடல் அங்கேதான். மூச்சு நின்ற பிறகு நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும் என்பதால், அறைகளைத் தேடிவிட்டுக் கடைசியில் தண்ணீருக்குப் போவது பெரும் பிழை.

ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு

விளையாட்டு நடக்கும்போதும் உணவு நேரத்திலும் குழந்தைகள் தொலைந்துபோவது அரிது. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் இருக்கும் பத்து நிமிடங்களில்தான் தொலைகிறார்கள். கைவினை ஆசிரியர், குழந்தைகள் குழுப் பொறுப்பாளரிடம் போய்விட்டதாக நினைக்கிறார். குழுப் பொறுப்பாளரோ, அவர்கள் இன்னும் கைவினை அறையில் இருப்பதாக நினைக்கிறார். இருவரும் கவனமுள்ளவர்களே. ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் குழந்தைகள் யாருக்கும் உரியவர்களாக இல்லை.

இதைத் தவிர்ப்பதற்கு நாங்கள் கடைப்பிடித்த முறை எளியது. ஒப்படைப்பவர் வாய்விட்டுச் சொல்வார்: "பதினான்கு பேரை உங்களிடம் ஒப்படைக்கிறேன்." ஏற்பவர் பட்டியலை வைத்துப் பெயர் வாசித்து, ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகு, "பதினான்கு பேரையும் ஏற்றுக்கொண்டேன்" என்பார். இந்த வாசகம் சொல்லப்படும்வரை பொறுப்பு முன்னவரிடமே இருக்கும். அவர் நகரக் கூடாது. முதல் இரண்டு நாட்கள் இது பணியாளர்களுக்குச் செயற்கையாகத் தோன்றும். மூன்றாம் நாளிலிருந்து அது பழகிவிடும்.

பெயர் வாசிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பொறுப்பேற்றிருந்த முகாமொன்றில், வெளியிடப் பயணம் முடிந்து திரும்பும்போது பேருந்தில் தலைகளை எண்ணினோம். இருபத்து நான்கு இருக்க வேண்டும். இருபத்து நான்கு இருந்தது. புறப்படச் சொல்லிவிட்டேன். பேருந்து வாயிலைக் கடக்குமுன் ஒரு சிறுமி, தன் தோழியைக் காணவில்லை என்று அழத் தொடங்கினாள். வேறொரு குழுவைச் சேர்ந்த சிறுவன் தன் அண்ணனோடு உட்கார ஆசைப்பட்டு எங்கள் பேருந்தில் ஏறியிருந்தான். எங்கள் குழுவின் சிறுமியோ கழிப்பறையில் இருந்தாள். எண் சரியாக இருந்தது, குழந்தைகள் சரியாக இல்லை. அவளை இரண்டு நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டோம் என்றாலும், அந்தத் தோழி அழாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை. அன்று முதல் பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர்ப் பட்டியல் இல்லாமல் எண்ணியதில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு, தூங்கிப்போன குழந்தை எவரும் இருக்கைக்குக் கீழே இருக்கிறார்களா என்று கடைசி வரிசைவரை ஒருவர் நடந்து பார்ப்பதும் அன்றிலிருந்து விதியாயிற்று.

குழு நடந்து செல்லும்போது ஒரு பெரியவர் முன்னாலும் ஒருவர் கடைசியிலும் வர வேண்டும். கடைசியில் வருபவரைவிடப் பின்தங்க எந்தக் குழந்தைக்கும் அனுமதியில்லை. திறந்த மைதானத்தில் ஓய்வு நேரம் என்றால் பணியாளர்கள் ஓரிடத்தில் கூடி நின்று பேசுவது இயல்பாக நேரும். ஆகவே மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதியை எழுதிக்கொடுத்துவிடுங்கள். கைப்பேசி அந்நேரம் பையில் இருக்கட்டும். தகவல் பரிமாற்றத்துக்கு வாக்கி டாக்கி போதும்.

தனிமையைத் தவிர்ப்பது

எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் பிறர் கண்ணுக்குப் படாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது நல்ல பணியாளர்கள் சிலர் மனம் வருந்துவார்கள். தங்களைச் சந்தேகிப்பதாக எண்ணுவார்கள். இந்த விதி குழந்தையைக் காப்பதோடு, பொய்யான பழியிலிருந்து அவர்களையும் காக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்குங்கள். அழுகிற குழந்தையிடம் தனியாகப் பேசவே கூடாது என்பது இதன் பொருளன்று. மற்றவர்கள் பார்க்கும்படியான மர நிழலில், காதுக்கு எட்டாத, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேசலாம். குளியலறை, கழிப்பறை வாயில்களில் இரு பணியாளர்கள் வெளியே நிற்க வேண்டும். உள்ளே சத்தம் கேட்டால் குரல் கொடுத்துவிட்டு இருவருமாக நுழைய வேண்டும். குழந்தைகளைத் தனிப்பட்ட கைப்பேசியில் படமெடுப்பதும், முகாம் முடிந்தபின் சமூக ஊடகங்கள் வழியே அவர்களோடு தனியே தொடர்பில் இருப்பதும் முற்றாகத் தடைசெய்யப்பட வேண்டும்.

ஒரு குழந்தைக்கு மட்டும் பரிசு தருவது, "இது நம் இருவருக்குள் இருக்கட்டும்" என்பது, காரணமின்றி அக்குழந்தையோடு தனித்திருக்க வாய்ப்புத் தேடுவது, சிறு சிறு விதிமீறல்களில் குழந்தையைக் கூட்டாளியாக்குவது ஆகியவை தீங்கு நேர்வதற்கு வெகுமுன்பே வெளிப்படும் அறிகுறிகள். சக பணியாளர் ஒருவரிடம் இவற்றைக் கண்டால் இயக்குநரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்பதைப் பயிற்சியின்போதே அழுத்தமாகச் சொல்லிவைக்க வேண்டும். குழந்தையே ஏதேனும் சொல்ல முன்வந்தால், கேட்பவர் விசாரணை நடத்தக் கூடாது. குறுக்குக் கேள்விகள் பின்னாளில் உண்மையைக் குழப்பிவிடும். அமைதியாகக் கேட்டு, வெளியே சொல்ல முன்வந்தது நல்லதே என்று குழந்தையைத் தேற்றி, அது பயன்படுத்திய சொற்களையே மாற்றாமல் எழுதி, அன்றே சட்டம் குறிப்பிடும் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். முகாமின் நற்பெயரைக் கருதித் தள்ளிப்போடுவதை என்னால் எவ்விதத்திலும் ஏற்க முடியாது.

குழந்தைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் பெரும்பாலும் பெரியவர்கள் பார்க்காத இடங்களிலேயே நடக்கிறது. சாப்பாட்டு மேசையில் தினமும் யார் தனியே உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

தண்ணீரின் அருகில்

நீரில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையால் குரலெழுப்ப முடியாது. கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும், வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் போய்வரும், இருபது வினாடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும். சுற்றிலும் மற்றக் குழந்தைகள் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும்போதே அது நடக்கும். எனவே பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர், நீரைப் பார்ப்பதைத் தவிர வேறெந்த வேலையும் செய்யக் கூடாது. நீச்சல் கற்பிப்பவரே உயிர்காப்பாளராகவும் இருக்க முடியாது. தன் பகுதியில் ஏற்படும் ஆபத்தைப் பத்து வினாடிகளில் கண்டறிந்து, அடுத்த இருபது வினாடிகளில் சென்றடைய வேண்டும் என்பது உயிர்காப்பாளர் பயிற்சியில் கையாளப்படும் ஓர் அளவுகோல். உங்கள் உயிர்காப்பாளர் நிற்கும் இடத்திலிருந்து தொலைவான மூலைக்கு இருபது வினாடிகளில் போக முடிகிறதா என்று கடிகாரத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னொருவர் தேவை, அல்லது நீந்தும் பரப்பைச் சுருக்க வேண்டும்.

முதல் நாளே ஒவ்வொரு குழந்தையின் நீச்சல் திறனையும் சோதித்து, திறனுக்கேற்ற நிறப் பட்டையைக் கையில் கட்டிவிடுங்கள். நன்றாக நீந்துவேன் என்று குழந்தையும், நீந்துவாள் என்று பெற்றோரும் சொல்வதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். சம திறனுள்ள இருவரை இணையாக்கி, ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதியதும் இணைகள் கைகோத்து உயர்த்த, எண்ணிப் பார்க்க வேண்டும். இடியோசை கேட்டால் உடனே எல்லோரையும் வெளியேற்றி, கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழிந்த பிறகே மீண்டும் அனுமதிக்க வேண்டும்.

இரவும், பணியாளர்களின் களைப்பும்

இரவில் விழித்திருக்க வேண்டியவர் யார் என்பது பட்டியலில் இருக்க வேண்டும்; எல்லோரும் அருகில்தான் தூங்குகிறோம் என்பது மேற்பார்வை ஆகாது. கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு எரிய வேண்டும். தூக்கத்தில் நடக்கும் குழந்தைகள், படுக்கையை நனைக்கும் குழந்தைகள் யாரென்பதைப் பெற்றோரிடம் முன்பே கேட்டறிந்து, மற்றக் குழந்தைகள் அறியாதபடி கவனித்துக்கொள்ள வேண்டும். மருந்துகள் அனைத்தும் பூட்டிய பெட்டியில், ஒருவர் பொறுப்பில், கொடுத்த நேரமும் அளவும் எழுதப்பட்டு இருக்கட்டும்; கடும் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கான அவசர ஊசி மட்டும் பூட்டுக்குள் இல்லாமல், அக்குழுவின் பொறுப்பாளரோடு எப்போதும் செல்ல வேண்டும்.

நான்காம், ஐந்தாம் நாளில் பணியாளர்களின் குரல் கடுமையாவதைக் கவனித்திருக்கிறேன். குணம் மாறியதனால் அன்று, தூக்கமின்மையால். இரவுப் பணி பார்த்தவருக்கு மறுநாள் காலையில் குழு தரக் கூடாது. தினமும் குழந்தைகள் உறங்கியபின் கால் மணி நேரம் கூடி, இன்று யார் அதிகம் அழுதார்கள், எந்த இடத்தில் ஆள் போதவில்லை, நாளை யாருக்கு ஓய்வு என்று பேசுங்கள். இயக்குநர் சொல்லாமல் கொள்ளாமல் நாளுக்கு மூன்று நான்கு முறையாவது ஒவ்வொரு இடத்துக்கும் போய்வர வேண்டும். போனதும் அங்குள்ள பணியாளரிடம், "உங்களிடம் இப்போது யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் போதும். அவர் பட்டியலைப் பார்க்காமல் பெயர்களைச் சொன்னால் அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது.

கடைசி நாளில் எல்லோருடைய மனமும் வீட்டை நோக்கியிருக்கும். மூட்டை கட்டுவதும் விடைபெறுவதுமாக வளாகம் கலைந்து கிடக்கும். இந்த நாளுக்கென்று ஆட்களைக் குறைக்க வேண்டாம். பதிவுப் படிவத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டும், அடையாளச் சான்றைப் பார்த்து, நேரத்தைக் குறித்து, கையொப்பம் பெற்றுக் குழந்தையை அனுப்புங்கள். மாமா, சித்தி என்று குழந்தையே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும், படிவத்தில் பெயர் இல்லையென்றால் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்த பிறகே அனுப்ப வேண்டும். அழைத்துப்போக வருபவர் தாமதித்தால், கடைசிக் குழந்தை போகும்வரை இரண்டு பணியாளர்கள் அங்கேயே இருக்க வேண்டும்.